குதிகாலைப் பார்த்து நடப்பவர்கள்

என் வீட்டுக்காரரைப் பட்டாளத்து நண்பர்கள் பூனை என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணிவெடி எடுக்கும் பிரிவில் முன் ஆளாக இருந்தவர். கையில் ஒரு நீளக் கம்பியை வைத்துக்கொண்டு மண்ணைச் சாய்வாகக் குத்திக் குத்திப் பார்த்து, வெடி இல்லாத இடமாகக் கால் வைத்து, பின்னால் வருகிறவர்களுக்கு வழி போட்டுக் கொடுப்பதுதான் முன் ஆளின் வேலை. அவர் வைத்த அடியில்தான் அடுத்தவர் அடி வைப்பார், அந்த அடியில்தான் அதற்கடுத்தவர். அடி எடுத்து வைத்தால் சத்தமே கேட்காது என்பதால் அவருக்கு அந்தப் பெயர்.

அதெல்லாம் அந்தக் காலம். இப்போது அவர் வீட்டுக்குள் நடந்தால் வாளி உருளும், முக்காலி சாயும், வாசலில் கழற்றிப் போட்ட செருப்பு தடுக்கிச் சுவரைப் பிடிப்பார். பூனை போய் யானை வந்துவிட்டது. ஏன் என்பது எனக்கும் கண் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுவிட்டது என்றார் டாக்டர். இரண்டு கண்ணிலும் கீழ்ப் பாதி போய்விட்டது. மேல் பாதியும் நடுவும் நன்றாக இருக்கின்றன. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பேப்பரில் பொடி எழுத்தைக் கண்ணாடி இல்லாமல் படிப்பார். எதிரே வருகிறவர் மீசையில் எத்தனை நரை என்று சொல்வார். அந்த ஆளின் காலடியில் படுத்திருக்கும் நாய் மட்டும் அவருக்குத் தெரியாது. தலை குனிந்து தேடினால் தெரியும்தான், ஆனால் குனிந்து நடந்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும் என்று நிமிர்ந்தே நடப்பார். போனது போனதுதான், மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார் டாக்டர்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் திரும்பும்போதே என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

"யார்கிட்டயும் சொல்லக்கூடாது. நம்ம பொண்ணுகிட்டக்கூட. முக்கியமா அவங்ககிட்ட."

அவங்க என்றால் பட்டாளத்து நண்பர்கள். எனக்குக் கோபம் வந்தது. "ஏன்? கண்ணு போறது என்ன களவாணித்தனமா?"

"உனக்குப் புரியாது. அவங்கல்லாம் என் கண்ணை நம்பிக் கால் வெச்சவங்க. அந்தக் கண்ணு இப்படி ஆயிடுச்சுன்னு தெரிஞ்சா, அப்ப நடந்த ஒவ்வொரு அடியையும் இனிமே நினைச்சு நினைச்சு பயப்படுவாங்க. எப்பலேருந்து தெரியல, அன்னைக்கே தெரியலையான்னு கேட்பாங்க. வயசான காலத்துல அவங்க நிம்மதியை நான் கெடுக்கணுமா?"

எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. ஆனாலும் சரி என்றேன். சொல்லிவிட்டால் சொன்னதுதான், அது என் சுபாவம். அந்தச் சுபாவத்தை நினைத்து நானே தலையில் அடித்துக்கொள்ளப் போகிறேன் என்று அப்போது தெரியாது.

அடுத்த மாதமே கேப்டனிடமிருந்து போன் வந்தது. இவர்களுடைய பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் அவர். சில வருடங்களுக்கு ஒரு முறை பழைய ஆட்களையெல்லாம் சேர்த்துக்கொண்டு எங்காவது சுற்றுலா போவார்கள். இந்த முறை மலையடிவாரத்தில் ஒரு ஏரி, மலைமேல் ஒரு பழைய கோட்டை, தங்குவதற்கு ஒரு விடுதி. வேன் பிடித்தாகிவிட்டது, பூனை வராமல் வண்டி நகராது என்றார் கேப்டன். இவர் போனை வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் சுற்றுலா என்று சொன்னால் பிள்ளைகள் ஆடுமே, அப்படி ஆடினார். ஆடியதில் ஸ்டூல் கவிழ்ந்தது.

கோட்டை என்றால் படி. படி என்றால் கீழே பார்க்க வேண்டும். 

"நானும் வரேன்" என்றேன்.

"ஆம்பளைங்க மட்டும்தான் போவோம்."

"கோட்டையைப் பார்க்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை."

"உனக்கா? அடுத்த தெருவுல நடக்கிறதையே ஜன்னல் வழியாத்தான் பார்ப்ப."

"இப்ப வந்திருக்கு ஆசை. ஒண்ணு நான் வரணும், இல்லைன்னா நீங்க போகக்கூடாது. ரெண்டுல எது வேணும்னு சொல்லுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். முகம்தான் அவருக்கு நன்றாகத் தெரியுமே. என் துணிக்கும் சேர்த்துப் பெட்டியை எடுத்து வைத்தார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சின்ன வயதில் அம்மா அப்பா இருவரும் போய், சித்தப்பா வீட்டில் வளர்ந்தவர். சித்தப்பாவுக்குக் கொஞ்சம் சத்தம் கேட்டாலும் கை நீளும். அந்த வீட்டில்தான் சத்தமில்லாமல் நடக்கக் கற்றுக்கொண்டேன் என்பார். மீசை முளைத்ததும் பட்டாளத்தில் சேர்ந்தார். சேர்ந்த புதிதில் அவர் நடந்து வருவதைப் பார்த்த யாரோ ஒரு அதிகாரி, இவனை அந்தப் பிரிவில் போடு என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், தலையெழுத்து முடிவாகிவிட்டது.

ஓய்வு பெற்று வந்த பிறகு பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு சாவிக்கடை வைத்தார். தொலைந்த சாவிக்கு மாற்றுச் சாவி போடுவது, மக்கர் செய்யும் பூட்டைத் திறப்பது. அரம் பிடித்துச் சாவியின் பல்லை ராவிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்ப்பார். அதனால்தான் பார்வை குறைந்த பிறகும் கடை ஓடியது, வாடிக்கை குறையவில்லை. வீட்டில் அவருடைய பழக்கங்கள் தனி. மிதியடியின் ஓரத்தைத் தூக்கிப் பார்க்காமல் மிதிக்க மாட்டார். தெருவில் கிடக்கும் காலி டப்பாவை உதைத்ததற்காக மகளை ஒரு முறை ஒரு நாள் முழுக்கப் பேசாமல் தண்டித்தார். கீழே கிடக்கிற எதையும் எடுக்க மாட்டார், அது என் கம்மலாக இருந்தாலும் சரி. நானே குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் கேட்டேன், அங்கே நடக்கும்போது பயமாக இருக்காதா என்று. "பயப்படறதுக்கு எங்க நேரம்?" என்று சிரித்தார். அதற்குப் பிறகு எப்போது கேட்டாலும் அதே பதில்தான். கேட்பதையே விட்டுவிட்டேன்.

கல்யாணமான அதே வருடம் முகாமில் குடும்ப நாள் என்று ஒன்று வைத்தார்கள். பெண்டாட்டி பிள்ளைகளையெல்லாம் அழைத்துப்போய்ப் பயிற்சி மைதானத்தைக் காட்டினார்கள். வெடி எதுவும் கிடையாது, சும்மா கொடி நட்ட புல்தரை. வேடிக்கைக்காக என்னையும் அவர்கள் வரிசையில் கடைசியாக நிறுத்தினார்கள். புது ஆள் எப்போதும் கடைசி, அது அவர்கள் சட்டம். நடப்பதற்கு முன்னால் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். முன்னால் போகிறவரின் குதிகாலை மட்டும் பார்க்க வேண்டும், வேறு எதையும் பார்க்கக்கூடாது. பின்னாலிருந்து முன் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே கூடாது. கூப்பிட்டால் மனுஷன் தன்னையறியாமல் திரும்புவான், திரும்பினால் கால் நகரும்.

"அப்ப நிறுத்தணும்னா என்ன பண்றது?" என்று கேட்டேன்.

"முன்னாடி இருக்கிறவன் தோளை அழுத்தணும். அவன் அவனுக்கு முன்னாடி இருக்கிறவனை அழுத்துவான். அது என்கிட்ட வந்து சேர்ந்ததும் நான் நின்னுடுவேன். ஏன், எதுக்குன்னு யாரும் கேட்க மாட்டாங்க. திரும்பிப் போகணும்னா நின்ன இடத்துலயே திரும்பணும், கடைசி ஆள்தான் அப்ப முன் ஆள்."

விளையாட்டாக நடந்தேன், விளையாட்டாகவே மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

வேனில் எல்லாரும் ஏறியதும் ஒரே கூச்சல். எனக்குத் தெரிந்தவர்கள் மூன்று பேர். கேப்டன், இன்னமும் முதுகு வளையாதவர். பிரிவுக்குச் சமைத்துப் போட்ட அண்டா, பெயருக்கேற்ற வயிறு, வரிசையில் எப்போதும் என் வீட்டுக்காரருக்கு அடுத்த இடம் அவருக்கு. காயத்துக்குக் கட்டுப்போட்ட கம்பவுண்டர், அதிகம் பேசாத மனிதர். மற்றவர்கள் எல்லாருக்கும் ஒரே நரை, ஒரே சிரிப்பு.

"தங்கச்சி, பூனை ஓடிடுவான்னு காவலுக்கு வந்தீங்களா?" என்றார் அண்டா.

"ஓடினாலும் நீங்கல்லாம் பின்னாடியே ஓடுவீங்களே, தேடறது சுலபம்தான்" என்றேன். வேன் குலுங்கச் சிரித்தார்கள். என் கை மட்டும் பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தது.

முதலில் ஏரி. படகுத்துறையில் பலகைக்கும் படகுக்கும் நடுவே ஒரு இடைவெளி, கீழே கறுப்புத் தண்ணீர். அவர் முகத்தை நிமிர்த்திக்கொண்டு, அக்கரை மரங்களைக் காட்டிப் பேசிக்கொண்டே நடந்தார். அவருக்கு இடைவெளி தெரியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. ஓடிப்போய் அவர் கையோடு கை கோத்துக்கொண்டு, "எனக்குப் படகுன்னா பயம், மெதுவா காலைத் தூக்கி வைங்க, பெரிசா வைங்க" என்று அவருக்குக் கேட்கும்படி சொன்னேன். அவர் பெரிசாக வைத்தார். பின்னால் விசில் பறந்தது. இந்த வயதிலும் ஜோடி கையை விடவில்லை என்று ஒருவர் பாட்டே பாடினார். எனக்கு வெட்கப்படக்கூட வரவில்லை.

மதியம் விடுதிக்குத் திரும்பினால், அண்டா சமையல்காரனை வெளியே அனுப்பிவிட்டுத் தானே அடுப்பைப் பிடித்துக்கொண்டார். சூப், ரொட்டி, கறி. பந்தியில் அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முன்னால் நடந்தவனுக்குத்தான் முதல் தட்டு. அவன் ஒரு வாய் எடுத்து வைக்கும்வரை யாரும் தட்டைத் தொடக்கூடாது. அண்டா முதல் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து பூனையின் முன்னால் வைத்தார். எல்லாரும் காத்திருந்தார்கள். இவர் தட்டைத் தேடும் விரல்கள் மேசையில் ஊர்ந்துபோய்த் தண்ணீர் டம்ளரைச் சாய்த்துவிட்டன. கேப்டன் மடியெல்லாம் தண்ணீர்.

"ஐயோ, என் முழங்கை பட்டுடுச்சு" என்றேன் நான். என் முழங்கை எங்கே இருந்தது, டம்ளர் எங்கே இருந்தது என்று யாராவது அளந்திருந்தால் என் மூக்கு உடைந்திருக்கும். கம்பவுண்டர் மட்டும் ஒரு கணம் என்னைப் பார்த்த மாதிரி இருந்தது.

"விடும்மா, தண்ணிதானே" என்றார் கேப்டன். துடைத்துக்கொண்டே எழுந்து நின்று, எல்லாரையும் பார்த்துப் பேசினார். "நாமல்லாம் இங்க உக்காந்து ரெண்டு காலோட சூப் குடிக்கிறோம்னா அதுக்கு ஒரே காரணம் பூனையோட கண்ணு. அந்தக் கண்ணு இருக்கிற வரைக்கும் நமக்கு ஒண்ணும் ஆகாது."

கை தட்டினார்கள். இவர் சிரித்துக்கொண்டிருந்தார். மேசைக்கடியில் அவர் கை என் புடவைத் தலைப்பைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தது. இந்த மனிதருக்குப் பயம் என்பது எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

ராத்திரி அறைக்கு வந்ததும் கெஞ்சினேன். "நாளைக்குக் கோட்டைக்குப் போக வேண்டாம். வயித்து வலின்னு படுத்துக்குங்க. நான் பார்த்துக்கறேன்."

"ஒரு நாள்தானே. காலாலயே தடவித் தடவிப் போயிடுவேன். கால்ல எனக்குக் கண்ணு இருக்கு."

"கால்ல கண்ணு இருக்கிறவரு எதுக்குத் தினமும் வாளியை உதைக்கிறாரு?"

 திரும்பிப் படுத்துக்கொண்டார். எழுந்துபோய்க் கேப்டன் அறைக் கதவைத் தட்டிச் சொல்லிவிடலாமா என்று நூறு தடவை நினைத்தேன். வாக்குக் கொடுத்த வாய் என்னைக் கட்டிப்போட்டது.

காலையில் கோட்டை. கூரையெல்லாம் போய் வெறும் சுவர்தான் மிச்சம். சுவரின் மேல் சுற்றிவர ஒரு நடைபாதை, ஒரே ஆள் போகிற அகலம். வெளிப்பக்கம் இடுப்பளவு கைப்பிடிச் சுவர். உள்பக்கம் ஒன்றுமே இல்லை, நேராகக் கீழே கல் முற்றம். மேலே ஏறியதும் காற்று அறைந்தது. நான் அவருக்கு அடுத்து நிற்பதற்காக முண்டியடித்துக்கொண்டு போனேன். அண்டா வழி மறித்தார்.

"அது என் இடம், தங்கச்சி."

"ஒரு நாளைக்கு விட்டுக்கொடுங்களேன்."

"உசிரைக் கேளுங்க, தரேன். இந்த இடத்தைக் கேட்காதீங்க." சிரிக்காமல்தான் சொன்னார்.

"புது ஆள் கடைசி" என்றார் கேப்டன். "பூனை, நட."

வரிசை தானாகவே விழுந்தது. முதலில் இவர், பின்னால் அண்டா, அவருக்குப் பின்னால் கேப்டன், மற்றவர்கள், கம்பவுண்டர், கடைசியில் நான். அதுவரை தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்தவர்கள் நடக்க ஆரம்பித்ததும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சுற்றிப் பார்க்க வந்தவர்கள் ஒருவரும் சுற்றிப் பார்க்கவில்லை. கீழே பள்ளத்தாக்கு முழுக்க வெயில் கொட்டிக் கிடந்தது. இவர்கள் பார்த்ததெல்லாம் முன்னால் போகிறவரின் குதிகால்.

கொஞ்ச தூரம் போனதும் பாதையின் குறுக்கே ஒரு கயிறு கிடந்தது. முழங்கால் உயரத்தில் கட்டியிருந்திருப்பார்கள் போல, ஒரு முனை அவிழ்ந்து தரையில் விழுந்திருந்தது. அதில் ஒரு சிவப்புத் துணி. போகாதே என்று யாரோ கட்டிவைத்த கயிறு என்பது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். சிவப்புத் துணியைக் கண்டால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆட்கள் இவர்கள். ஆனால் பூனை அதன்மேல் கால் வைத்துத் தாண்டியிருந்தார், அவருக்கு அது தெரியவே இல்லை. பூனை தாண்டினால் அது தாண்டலாம் என்று அவர் பார்த்துச் சொன்ன மாதிரி. அண்டா தாண்டினார், கேப்டன் தாண்டினார், ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் அதே இடத்தில் கால் வைத்துத் தாண்டினார்கள். கம்பவுண்டரும் தாண்டினார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். சுவர் அங்கே வில் மாதிரி வளைந்து போனது. அதனால் கடைசியில் நின்ற எனக்கு முன்னால் போகிறவர்கள் பக்கவாட்டில் தெரிந்தார்கள். இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். அவருக்குச் சில அடி தூரத்தில் நடைபாதை இல்லை. கற்கள் பெயர்ந்து விழுந்து, இரண்டு ஆள் விழுகிற அளவுக்கு ஒரு பள்ளம் வாய் பிளந்திருந்தது. அதற்கடியில் செடி, செடிக்கடியில் முற்றம்.

 என்னங்க என்று கத்த வாயைத் திறந்துவிட்டேன். திறந்த வாயிலிருந்து சத்தம் வரவில்லை. வராததுதான் நல்லதாகப் போயிற்று. என் குரல் கேட்டால் திரும்பாமல் இருந்ததே கிடையாது அந்த மனிதர். அடுப்படியிலிருந்து முணுமுணுத்தால்கூடத் திரும்புவார். இங்கே திரும்பினால் உள்பக்கம்தான் கால் போகும். உள்பக்கத்தில் எதுவும் இல்லை. அவர் விழுந்தால் அண்டா எட்டிப் பிடிப்பார், அண்டாவைக் கேப்டன் பிடிப்பார். ஒருவரை விட்டு ஒருவர் பிழைக்கத் தெரியாத ஆட்கள். என் கண் முன்னாலேயே எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

அந்தப் புல்தரை ஞாபகம் வந்தது. யோசித்து வரவில்லை, கை தானாகப் போயிற்று. எட்டிக் கம்பவுண்டரின் தோளை அழுத்தினேன்.

இந்தப் பெண்பிள்ளைக்கு என்ன தெரியும் என்று அவர் நினைத்திருக்கலாம். என்ன தங்கச்சி என்று திரும்பிக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அவர் கேட்கவில்லை. அப்படியே நின்று, முன்னால் இருந்தவரின் தோளில் கை வைத்தார். அந்தக் கை அடுத்த தோளுக்குப் போயிற்று. வளைவில் நான் ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிழட்டுக் கைகள், ஒன்று ஆட்டம் கண்ட கை, ஒன்றில் விரல் குறைவு. போய்ச் சேராது, சேராது என்று மனசு அடித்துக்கொண்டது. கேப்டன் கை அண்டாவின் தோளில் விழுந்தது. அண்டாவின் கை இவர் தோளில் விழுந்தது.

தூக்கிய வலது கால் தூக்கிய இடத்திலேயே நின்றது. பிறகு மெதுவாக, வந்த இடத்துக்கே திரும்பிப் போய் உட்கார்ந்தது. அந்தக் கால் இறங்கியிருக்க வேண்டிய இடத்தில் காற்றுதான் இருந்தது.

யாரும் ஏன் என்று கேட்கவில்லை.  அப்புறம்தான் கேப்டன் தலையைத் தூக்கி அண்டாவின் தோளுக்கு மேலாக முன்னால் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"எங்கேருந்து வந்துச்சு?" என்று திரும்பாமலே கேட்டார் இவர்.

கேள்வி தணிந்த குரலில் ஆள் ஆளாகப் பின்னால் வந்தது. பதிலும் அப்படியே முன்னால் போயிற்று. "கடைசியிலேருந்து."

கடைசியில் யார் என்று அவருக்குத் தெரியும்.  கோபப்படுகிறாரா, அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. சத்தியத்தை நான் வாயால் மீறவில்லை. ஆனாலும் இனி மறைக்க ஒன்றும் இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்குமே புரிந்துவிட்டது.

"அண்டா" என்றார். "என் இடுப்பைப் பிடிச்சுக்க. கெட்டியா. நான் திரும்பணும்."

அந்த மனிதர் வாழ்நாளில் யாரிடமும் என்னைப் பிடித்துக்கொள் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. அண்டா இரண்டு கையாலும் பிடித்தார். இவர் நின்ற இடத்திலேயே, குதிகாலைத் தேய்த்துத் தேய்த்து, அந்தப் பள்ளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி முடிக்கும்வரை நான் மூச்சே விடவில்லை. அப்புறம் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். எல்லார் முகமும் இப்போது என் பக்கம் இருந்தது.

"கடைசி ஆள் முன் ஆள்" என்றார் கேப்டன். குரல் அவர் குரலாகவே இல்லை. "நீங்கதாம்மா நடக்கணும்."

நான் திரும்பினேன். வரும்போது அகலமாகத் தெரிந்த பாதை இப்போது என் பாதத்தைவிடச் சின்னதாக இருந்தது. என் செருப்பின் வார் தளர்ந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. கல் ஆடுமோ என்று ஒரு பயம், ஆடாத கல்லையும் பார்த்து ஒரு பயம். எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் வேறு. எனக்குப் பின்னால் அத்தனை பேரும் என் குதிகாலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எங்கே வைத்தாலும் வைப்பார்கள். தப்பாக வைத்தாலும் வைப்பார்கள். இதைத்தான் அவர் அத்தனை வருடமும் முதுகில் சுமந்தாரா என்று நினைத்தபோது, ஒரு அடி எடுத்து வைக்க முடியாமல் நின்றுவிட்டேன்.

பின்னால் யாரோ, "மெதுவா தங்கச்சி, அந்த..." என்று ஆரம்பித்தார்.

வரிசையின் கடைசியிலிருந்து இவர் குரல் வந்தது. "யாரும் பேசாதீங்கடா. அவ நடக்கட்டும்."

நடந்தேன். ஒவ்வொரு கல்லாக, முனையால் அழுத்திப் பார்த்து, பிறகு பாரத்தைப் போட்டு. படி இறங்கி, கீழே மண்ணில் கால் பட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.  ஒருவர் பின் ஒருவராக இறங்கி வந்தார்கள். கடைசியில் அண்டாவின் தோளைப் பிடித்தபடி அவர் வந்தார்.

 விடுதிக்குத் திரும்பும் வழியெல்லாம் வேனில் பேச்சே இல்லை. இவர் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தார். அந்த மௌனத்தில் எனக்குக் கோட்டையைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. இவர்கள் இவரை விட்டுவிடுவார்களோ, அல்லது இவர் என்னை மன்னிக்காமல் இருப்பாரோ என்று.

சாப்பாட்டு மேசையில் எல்லாரும் உட்கார்ந்தோம். அண்டா முதல் தட்டைக் கொண்டு வந்தார். வழக்கமாக வைக்கிற இடத்துக்கு வந்து, தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். கேப்டனைப் பார்த்தார், கேப்டன் மேசையைப் பார்த்தார்.

"ஏன்டா நிக்கிற?" என்றார் இவர். "முன்னாடி நடந்தவங்களுக்குத்தானே முதல் தட்டு. அவகிட்ட வை."

தட்டு என் முன்னால் வந்தது. எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள், நான் ஒரு வாய் எடுத்து வைப்பதற்கு. என்னால் முடியவில்லை. அந்த நேரம் பார்த்து இவர் கை தண்ணீருக்காக நீண்டு, டம்ளர் மறுபடி சாய்ந்தது. தண்ணீர் மேசையில் ஓடிக் கேப்டன் பக்கம் போயிற்று.

இந்தத் தடவை நான் என் முழங்கையைச் சாக்காக இழுக்கவில்லை.

"எனக்குக் கீழ தெரியலடா" என்றார் அவர். "ரெண்டு கண்ணுலயும். அப்ப நல்லா தெரிஞ்சுச்சு. அதை மட்டும் நம்புங்க."

கம்பவுண்டர் எழுந்து வந்து, கவிழ்ந்த டம்ளரை நிமிர்த்தித் தண்ணீர் ஊற்றி, அவர் கையைப் பிடித்து டம்ளரில் வைத்தார். "நம்பாமலா இத்தனை வருஷம் நடந்துக்கிட்டிருக்கோம்?" என்றார். அந்த மேசையில் அவர் பேசியது அவ்வளவுதான்.

இவர் தண்ணீரைக் குடித்துவிட்டு என் பக்கம் சாய்ந்தார். மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டார்.

"மேல நடக்கும்போது பயந்தியா?"

பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. "செத்துப் பிழைச்சேன்."

"நானும்தான்" என்றார். "அப்ப, தினமும்."

எல்லாரும் இன்னும் காத்திருந்தார்கள். நான் ரொட்டியைப் பிட்டு ஒரு வாய் வைத்தேன். அதற்குப் பிறகுதான் மேசையில் மற்ற கைகள் நகர்ந்தன.